நாற்காலியில் விட்டுவந்த அம்மா

ஹலோ... ஹலோ, வாசோவா? நான்தான்... ஆமா, ஆன்தூலா. உன் நாத்தனாரேதான்... தெரியும்மா, பேசி மூணு வருஷம் ஆச்சு. அப்புறமா ஆசை தீரத் திட்டிக்கோ. இப்ப என் தம்பிகிட்ட போனைக் குடு... தூங்கலையா? சமையக்கட்டுல சும்மா உக்காந்திருக்கானா, இந்த மத்தியான வேளைல? சரி, குடு... பேச மாட்டேங்கறானா? வாசோ, உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், அவன் காதுல வச்சு அழுத்து!

தொனாத்தோ? தம்பி... வச்சுடாதே. வச்சுடாதேடா! அம்மா விஷயம்.

...

இல்ல, அம்மா செத்து மூணு வருஷம் ஆச்சுன்னு எனக்குத் தெரியாதா? அதான் விஷயமே. மூணு வருஷம் ஆனா குழியைத் தோண்டி எலும்பை எடுத்துடுவாங்கல்ல ஏதென்ஸ்ல. எடம் வேணுமாம் அடுத்தவங்களுக்கு... ஆமா. எடுத்தாச்சு. பத்து நாளாச்சு... சொல்லல. உன்கிட்ட சொல்லல. தப்புதான். நூறு தடவை தப்பு. இப்ப கேளு.

அம்மாவை நம்ம ஊருக்குக் கொண்டுவரக் கிளம்பினேன். இன்னைக்கு ஆத்மாக்கள் சனிக்கிழமைல்ல, செத்தவங்களுக்குப் படைக்கற நாள், அப்பா எலும்புப் பெட்டி பக்கத்துல வச்சிரலாம்னு. பாதிரியார் ஆறு மணிக்கு வர்றாரு, நாலு ஊருக்கு அவர் ஒருத்தர்தான், மந்திரிச்சுட்டு உடனே கிளம்பிடுவாரு. படையலுக்கு அவிச்ச கோதுமை, மாதுளை எல்லாம் வண்டில இருக்கு. எல்லாம் இருக்குடா... அம்மா இல்ல.

...

அம்மாவைத் தொலைச்சுட்டேன்!

... கத்தாதே. கத்தாதே, கேளு. தொலைக்கல, விட்டுட்டு வந்துட்டேன். பிளதனாக்கி ஊர்ல, ஸோயி அண்ணன் காப்பிக் கடைல. நாற்காலி மேல.

... எப்படியா? நேராத்தான் வரணும்னு இருந்தேன். விடியக்காலைல பிரேவேசா தாண்டினதும் மனசு கேக்கல. அம்பது வருஷம் அடுத்தவன் வீட்டுப் படிக்கட்டைத் தேய்ச்சாளே, எங்கெங்கேயோ இருந்து பஸ் பஸ்ஸா வந்து நம்ம மலையைப் பாக்கறாங்க, நான் பொறந்த ஊர்ல நானே ஒண்ணும் பாக்கலைன்னு சொல்லிச் சொல்லியே போனாளே. சரி, இன்னைக்கு ஒரு நாள் பாக்கட்டும்னு அவ பெட்டியை முன் சீட்ல வச்சு பெல்ட் போட்டேன். முதல்ல பாதாள வாசல். செத்தவங்க வந்து பேசுவாங்கன்னு சொல்ற அந்தக் கல்லு மண்டபம்... ஆமா, அங்கேயே பெட்டியைத் தூக்கிட்டுப் போனேன். டிக்கெட் குடுக்கற பொண்ணு முறைச்சா. அப்புறம் கிளிக்கில அக்கெரோன் ஆத்துல காலை நனைச்சேன். ஒவ்வொரு ஊர்லயும் நிறுத்தினேன். மாட்டு வண்டி மாதிரி ஓட்டினேன்டா, வளைவுல அவளுக்குத் தலை சுத்தும்ல.

... சிரிக்கிறியா? அழறியா? என்னடா சத்தம் அது?

சரி, சரி, சொல்றேன். ஸோயி அண்ணன் கடைல உக்காந்தேன், அவளைப் பக்கத்து நாற்காலில வச்சுக்கிட்டு. குடிச்சுட்டு எழுந்திருச்சா காசு வாங்க மாட்டேங்கறாரு. எலெங்கோ மகள்கிட்ட காசு வாங்கினா என் கை அழுகிப் போயிடும்ங்கறாரு. நான் விடுவேனா? அவரு உள்ள போன நேரம் பாத்து, காசைத் தட்டுக்கு அடில சொருகிட்டு ஓட்டம் பிடிச்சேன். அவரு பொண்டாட்டி வழி மறிச்சு ஒரு பொட்டலத்தைக் கைல திணிச்சா. பின்னாடி அவரு காசைத் தூக்கிட்டு, அடியே நில்லுடின்னு ஓடி வர்றாரு. நான் சிரிச்சுக்கிட்டே வண்டில ஏறி, பொட்டலத்தை சீட்ல வச்சு, பெல்ட்டைப் போட்டு, ஒரே அழுத்து.

வெள்ளைத் துணிடா! அம்மா பெட்டியைச் சுத்தினதும் வெள்ளைத் துணி, அவளே பூப்போட்ட துணி. இதுவும் வெள்ளைத் துணி.

மூணு ஊரு தாண்டி வந்தேன், பேசிக்கிட்டே. ஒரு ஊத்துகிட்ட நிறுத்தி ஒரு மணி நேரம் பேசினேன். உன்னைப் பத்தித்தான். தொதோனில வந்து, பாரும்மா, சாமி இலையசைச்சுப் பேசின மரம் இதுதான்னு காட்ட முடிச்சை அவுத்தேன்... கீரை அப்பம்.

கீரை அப்பத்துக்கிட்ட அழுதிருக்கேன்டா நான்!

... கடைக்கு எட்டு தடவை போன் அடிச்சேன். எடுக்கல. அடைச்சுட்டுத் தூங்கப் போயிருப்பாங்க. மூணேகால் ஆச்சு. நான் அங்க போய்த் திரும்பி நம்ம ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள பாதிரியார் போயிடுவாரு. எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா? நாய் இழுத்துட்டுப் போயிட்டா? உனக்கு அந்தக் கடை கால் மணி நேரம். போடா. எனக்காக வேண்டாம், அவளுக்காகப் போ.

... துணி ஓரத்துல என்ன பூவா? நீலப் பூ. ஏன்டா இப்ப அதைக் கேக்கறே, கிளம்புடா முதல்ல... என்ன? ரெண்டு காப்பியா... ஆமா, ரெண்டு வாங்கினேன். அவளுக்குச் சர்க்கரை போடாம... 

இரு. ரெண்டு காப்பின்னு உனக்கு எப்படித் தெரியும்?

...

தொனாத்தோ.

... எப்ப? பன்னெண்டு மணிக்கேவா? ஸோயி அண்ணன் துணியை அவுத்து, பெட்டில ஒட்டின போட்டோவைப் பாத்துட்டு உனக்குத்தான் அடிச்சாரா? உன் மேசை மேலயா இருக்கா? மூணு மணி நேரமாவா? அடப்பாவி! என் உசிரு போய் உசிரு வருதுடா, நீ கதை கேட்டுட்டு உக்காந்திருக்கே!

...

... சரி. நீ கேக்கறது நியாயம். எலும்பை நான்தான் கழுவினேன். ஒருத்தியாத்தான். ஒயின் ஊத்தி. தலையைக் கையில எடுக்கறப்ப உன்னைக் கூப்பிட்டேன், வாய் விட்டு. அங்க இருந்த குழி வெட்டற ஆள்தான் என்னைப் புடிச்சுக்கிட்டான்... மஞ்சளா இருந்துச்சுடா. சுத்தமா, மெழுகு மாதிரி. எலும்பு அப்படி இருந்தா ஆத்மா நிம்மதியா இருக்கும்பாங்கல்ல, நல்லபடியாத்தான் போயிருக்கா.

... என்ன? தர மாட்டியா? என்னடா சொல்றே? அவளை அப்பாகிட்டதானே... இல்ல, இல்ல, உன் காலைப் புடிக்கறேன், அப்படிச் சொல்லாதே. ஏதென்ஸ்ல ஏன் புதைச்சேன்னா கேக்கறே? அன்னைக்கு ரோடு, பனின்னு எல்லாம் சொன்னேன். பொய். எல்லாம் பொய். அவளை இங்க அனுப்பிட்டா அந்த ஊர்ல எனக்கு யாருடா இருக்கா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய் உக்காந்து பேசத்தான் வச்சுக்கிட்டேன். உன்கிட்ட இருந்து புடுங்கிக்கிட்டேன். எனக்குத் தெரியும். அதைத்தான் அந்த அப்பத்துக்கிட்ட சொல்லிட்டு வந்தேன்.

...

... தொனாத்தோ? இருக்கியா?

... நீயே கொண்டு வர்றியா? நீயா? நம்ம ஊருக்கா? ... ஆமா. ஆமா. ரெண்டு பேரும் சேந்து வைப்போம். வாசோவையும் கூட்டிட்டு வா. பாதிரியார் நிப்பாரு. நிக்கலைன்னா அவர் வண்டிக்கு முன்னாடி படுத்துக்கறேன், நீ கவலைப்படாதே.

முன் சீட்ல வை. பெல்ட் போடு. உன் வழக்கமான பறக்கறதெல்லாம் வேண்டாம், அந்த வளைவுல... என்ன? சரியாக் கேக்கல, சொல்லு... வாசோ என்ன பறிக்கப் போயிருக்கா?

... எலுமிச்சம்பழமா?

... ஐயோ. அம்மா எப்பவும் வண்டில மோந்துக்கிட்டே வருவாளே, தலை சுத்தாம... நான் மறந்துட்டேன்டா. காலைல இருந்து பெல்ட்டெல்லாம் போட்டு, எலுமிச்சம்பழத்தை மறந்துட்டேன். நீதான்... ஹலோ? தொனாத்தோ? இலையோட பறிக்கச் சொல்லு, அவளுக்கு இலையோட இருந்தாத்தான்... ஹலோ? ஹலோ...