நிச்சயத்து ஜாக்கெட்

மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு அண்ணியும் நாத்தனாரும்.

"ஒரே ஒரு கருவாடு தின்னேன், ரெண்டு கிலோ ஏறிட்டேன்" என்றாள் அண்ணி.

"கருவாடே வெரல் நீளந்தான அண்ணி?"

"ஒரு வாரம் உப்பில்லாம தின்னு எளைச்சேன். அந்த அளவுக்குத் தெச்ச ஜாக்கெட்டு இப்ப கையில ஏறல. நாளைக்குப் பொண்ணுக்கு நிச்சயம்."

"உப்பு தின்னா ஒடம்பு தண்ணிய புடிச்சி வெச்சிக்கும். இன்னிக்கு உப்ப வுடு, கொஞ்சம் எறங்கும்."

"அப்ப எளைச்சப்ப போனதும் தண்ணிதானா?"

"பாதிக்கு மேல தண்ணிதான்."

"என் கொழுப்பு?"

"அது எங்கியும் போவல. அப்படியே கீது."

அண்ணி சிரிக்கவில்லை. மடியிலிருந்த கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து நாத்தனாரின் பைக்குள் வைத்தாள்.

"நீ தின்னு. நாளைக்கு உனுக்கும் புது ஜாக்கெட்டுதான?"