இரண்டடிப் பளிங்கு

மாலை ஆறரை மணி. பீடோங்கிலிருந்து செமிலிங் பக்கம் போகும் செம்மண் பாதை... இரண்டு பக்கமும் ரப்பர் மரம். ஒரு ஈ காக்கை இல்லை. கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், இதைச் சத்தம் போட்டுச் சொல்ல முடியாது. எழுபத்தெட்டாம் வருடம், கல்லறைத் திருநாள் அன்று. நம் அக்னஸ் அக்காவின் அண்ணன் ஜூலியஸ், அந்தக் கொத்தனார், அவருக்கு நடந்தது.

பாதை முடிகிற இடத்தில் தோட்டத்து இடுகாடு. அங்கே, தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் டெஸ்மண்ட் கிராணி, இறந்துபோன தன் மனைவி அகத்தாவுக்கு ஒரு மாளிகையே எழுப்பியிருந்தார். நாலு தூண், மேலே கும்மட்டம், கீழே வெள்ளைப் பளிங்கு. கட்டியவர் ஜூலியஸ். சுங்கைப் பட்டாணியிலிருந்துகூட ஆட்கள் வந்து, முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"ஒனக்கு இருக்கிறது கையா, தங்கம் லா!" என்பார்கள்.

அதைக் கேட்கும்போதெல்லாம் ஜூலியஸ் அங்கிருந்து நழுவிவிடுவார். காரணம் உண்டு. சமாதியைச் சுற்றி நடந்து வர நாலு பக்கமும் பளிங்கு பாவ வேண்டும் என்றார் கிராணி. ஒரு பக்கம் இரண்டடி குறைந்தது. அங்கே இருந்தது லூர்து மேரியின் மண்மேடு. ரப்பர் பால்வெட்டுக்காரி, காசநோயில் போனவள். அவள் புருஷன் அந்தோணிதாஸ் செர்டாங் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். இனி அவன் எங்கே வரப் போகிறான்... ஜூலியஸ் மரச்சிலுவையைப் பிடுங்கினார். கான்கிரீட் ஊற்றப் பலகை போதாமல் போனபோது அதையும் வைத்து அடித்தார். மேலே பளிங்கைப் பாவினார். பாவி.

கல்லறைத் திருநாள் அன்று சாமியார் வந்து மந்திரித்துப் போனபின், எல்லாக் குழியிலும் மெழுகுத்திரி எரிந்துகொண்டிருந்தது. இரண்டைத் தவிர: லூர்து மேரியுடையது, அப்புறம் வேலியோரம் ஒரு அநாதை மேடு. ஆட்கள் கலையட்டும் என்று காத்திருந்துதான் ஜூலியஸ் போனார். அந்த இரண்டடிப் பளிங்கின் மேல் ஏறி நின்று, மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். பின்னால் செருப்புச் சத்தம்.

அந்தோணிதாஸ். கையில் ஒற்றை மெழுகுத்திரி.

"அண்ணே, நீங்கதானே இத கட்டினது? எம் மேரி குழிய காணோமே... சிலுவ நட்டிருந்தேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் பளிங்கை உடைக்க வேண்டும், பேர் கெடும், ஊர் காறித் துப்பும். ஜூலியஸ் வேலியோரம் சிலுவை இல்லாத அந்த அநாதை மேட்டைக் காட்டினார்.

"அந்தா... அதுதான். மழையில சிலுவ விழுந்திருக்கும்."

"ரொம்ப நன்றிண்ணே."

அந்த நன்றியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. போகவும் முடியவில்லை. பளிங்கிலிருந்து கால் எழவில்லை.

அந்தோணிதாஸ் அந்த மேட்டுக்குப் போய்க் குச்சி கிழித்தான். திரி பற்றியது... அணைந்தது. காற்றே இல்லை. மறுபடி கிழித்தான். மறுபடி அணைந்தது. பூ வாசமும் மெழுகு வாசமும் மறைந்து, பால்வெட்டுக்காரர்கள் மேல் அடிக்கும் ரப்பர் ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம் வந்தது. ஜூலியஸின் பாதத்துக்கு அடியில்... இருமல். வறட்டு இருமல். லொக்... லொக்... அப்புறம் நீளமாக ஒன்று.

அந்தோணிதாஸுக்கு அது கேட்கவில்லை. அவன் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தான்.

"எங்க இருக்க புள்ள? ஏன் வெளக்க வாங்க மாட்டேங்குற?"

ஜூலியஸின் தாடை தானாக இறங்கியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். கைக்குள்ளே உதடு அசைந்தது.

"இங்க, மச்சான்..."

பெண் குரல். அவர் தொண்டையிலிருந்து.

"இந்த ரெண்டடிக் கல்லுக்கு அடியில... அழுத்துது. இருமக்கூட முடியல..."

அந்தோணிதாஸ் எழுந்தான். அவன் பயப்படவில்லை, அதுதான் பயங்கரம். மெதுவாக நடந்து பளிங்கின் மேல் ஏறினான். ஜூலியஸின் கண்ணில் தண்ணீர் ஓடியது. அந்தோணிதாஸ் அவர் கைகளை வாயிலிருந்து பதமாக விலக்கினான். முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தான்.

"பேசு புள்ள," என்றான். "நாலு வருசமாச்சு ஒன் கொரல கேட்டு. நான் ஒன்ன இனி எங்கயும் விடமாட்டேன்."