ஒன்பதாம் நம்பர்

திங்கட்கிழமை, ராத்திரி எட்டு மணி. எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி ஒரு மெடிக்கல் காலேஜ். அதன் லேடீஸ் ஹாஸ்டல் பின் கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு ஒரு குறுக்கு ரோடு. ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், இன்னொரு பக்கம் ராஜகாலுவே. மழைத் தண்ணீர் போகிற பெரிய கால்வாய்தான், ஆனால் பெங்களூரில் அதில் மழைத் தண்ணீர் மட்டுமா போகிறது? மேலே மூடியிருந்த சிலாப்புகளில் பாதியைக் காணோம். தெருவிளக்கு ஒன்றே ஒன்று. அன்றைக்கு அதுவும் எரியவில்லை.

கதவைச் சாத்துங்கள். பதினொரு மணிக்கு வார்டன் ரவுண்ட்ஸ் வந்துவிடுவார், அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். நாளைக்கு எட்டு மணி கிளாஸுக்கு ப்ராக்ஸி கொடுக்க ஆள் பிடித்துத் தரச்சொல்லி என்னிடம் வந்த மகாராணி யார்? நீதானே லீனா? பக்கத்தில் வந்து உட்கார். உனக்காகத்தான் சொல்கிறேன்.

அந்த ரோட்டில் போனவள் பெயர் அலர்மேல்மங்கை. மல்லேஸ்வரத்துப் பெண். ரோல் நம்பர் ஒன்பது. மூன்று நாளாய்க் காய்ச்சல். மெஸ் உப்புமா வாசனைக்கே வாந்தி. வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்றால் அட்டெண்டன்ஸ் சரியாக எழுபத்தைந்து சதவீதத்தில் நிற்கிறது. ஒரு கிளாஸ் விட்டாலும் பரீட்சை எழுத விட மாட்டார்கள், ஒரு வருஷம் போச்சு. ரூம்மேட் பியாட்ரிஸ்தான் தைரியம் சொன்னாள்.

"நீ போய்ட்டு வாடி. ஒன்பதாம் நம்பர் என் பொறுப்பு. நைட் ரிஜிஸ்டர்லயும் நானே சைன் போட்டுடறேன்."

இந்த பியாட்ரிஸ் யார் என்றால், முன்பு நம் ஹாஸ்டலில் என் ரூமில் நிக்கோல் இருந்தாளே, அவளுடைய பெரியம்மா பெண். வீடு ரிச்சர்ட்ஸ் டவுன். நல்ல பெண். அதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

மங்கை வீட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா பயந்துவிடுவாள், நேரில் போய் நின்றுவிடலாம் என்று கிளம்பினாள். பின் கேட் சத்தம் கேட்டது... க்ரீச். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

செவ்வாய் காலை ஃபாரன்சிக் கிளாஸ். மதலைமுத்து சார், கோலார் தங்கவயல் தமிழர், தலை நிமிராமல் நம்பர் கூப்பிடுவார். "எட்டு." "எஸ் சார்." "ஒன்பது." பியாட்ரிஸ் பெஞ்சுக்குக் கீழே குனிந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மங்கை குரலில், "எஸ் சார்." புதனும் வியாழனும் அப்படியே. நமக்கெல்லாம் சொல்லியா தர வேண்டும்?

மங்கையின் போன் அணைந்து கிடந்தது. வீட்டில் தூங்குகிறாள் என்று பியாட்ரிஸ் நினைத்தாள். ஹாஸ்டலில் படிக்கிறாள் என்று வீட்டில் நினைத்தார்கள். செவ்வாய் ராத்திரி அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, வார்டனைக் கூப்பிட்டாள். வார்டன் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "இத்தாளம்மா, சைன் மாடித்தாளே" என்று கன்னடத்தில் சொன்னார். இருக்கிறாள், கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அம்மா நிம்மதியாகப் போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலுவேயில் தண்ணீர் இறங்கியது. சிலாப் இல்லாத இடத்தில் விழுந்திருக்கிறாள். கால் முறிந்து ஏற முடியாமல் கிடந்திருக்கிறாள். போஸ்ட்மார்ட்டம் பண்ணியது மதலைமுத்து சார்தான். புதன்கிழமை விடிகிற வரைக்கும் உயிர் இருந்தது என்று எழுதினார்.

ஒன்றரை நாள்... ஹாஸ்டல் ஜன்னலிலிருந்து கூப்பிடு தூரம். யாராவது தேடியிருந்தால் போதும். யார் தேடுவார்கள்? அவள்தான் கிளாஸில் இருக்கிறாளே.

அடுத்த வாரம் அவளுடைய அப்பா ஆராவமுதன் கிளாஸுக்கே வந்தார். சத்தம் போடவில்லை.

"நான் யாரையும் கோவிச்சுக்கப் போறதில்லே. அவ பேருக்கு யாரு பதில் சொன்னான்னு மட்டும் சொல்லுங்கோ. எனக்கு அது தெரிஞ்சா போறும்."

அத்தனை பேரும் டெஸ்க்கைப் பார்த்தார்கள். பியாட்ரிஸும்தான். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் சார் எட்டுக்கு அடுத்து பத்து என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒரு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் பியாட்ரிஸ் தூங்கிப்போய் கிளாஸுக்குப் போகவில்லை. மறுநாள் பார்த்தால் அவளுக்கு ப்ரெசென்ட். யார் ப்ராக்ஸி கொடுத்தது என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். "நீதானடி பின்னாடி உக்காந்து எஸ் சார்னு சொன்னே?" என்றார்கள். ராத்திரி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடப் போனால் ஏற்கெனவே போட்டிருக்கிறது. அவள் கையெழுத்துதான். பக்கம் மட்டும் ஈரமாக, சாக்கடைச் சேறு வாடையோடு.

வேண்டுமென்றே இரண்டு நாள் வகுப்புக்குப் போகாமல் ரூமிலேயே உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு நாளும் ப்ரெசென்ட். சாரிடம் ஓடினாள்.

"முப்பது வருசமா பாடம் எடுக்கறேன்மா. அட்டெண்டன்ஸ் வேணாம்னு அழுவுற பொண்ண இப்பத்தான் பாக்கறேன். போய்ப் படி."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இனிமேல் தனக்கு என்ன ஆனாலும் யாரும் தேட மாட்டார்கள். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான், நிக்கோலிடம் கேட்டாள். "தெனமும் பத்தே முக்காலுக்கு எனக்குப் போன் பண்ணு. நான் எடுக்கலேன்னா ஹாஸ்டல்ல யாரு என்ன சொன்னாலும் நம்பாதே. வந்து தேடு."

நிக்கோல் தவறாமல் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில்தான் பேசுவாள், அதனால் நானும் கேட்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பியாட்ரிஸ் அழுதுகொண்டே, "நாளைக்கு மல்லேஸ்வரம் போறேன்டி. அவங்க அப்பாகிட்ட நான்தான்னு சொல்லிடறேன். அதுக்கப்புறம் என்ன வேணா ஆவட்டும்" என்றாள். நல்லதுதான் என்று நாங்களும் சொன்னோம். அதை நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

திங்கட்கிழமை பத்தே முக்கால். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். "போனியா பியா?"

"ஹாஸ்டல்லதான் இருக்கேன். சாப்ட்டேன்." வைத்துவிட்டாள்.

தைரியம் வரவில்லை போல, பாவம் என்று விட்டுவிட்டோம். செவ்வாயும் அதே பதில். புதனும் அதே. அந்த ராகம்கூட மாறவில்லை. பின்னால் ஏதோ தண்ணீர் ஓடுகிற சத்தம்... பாத்ரூமில் நின்று பேசுகிறாள் என்று நினைத்தோம். வியாழக்கிழமை நிக்கோலுக்கு என்னவோ தோன்றியது. "பியா, நம்ம நாய் பேரு என்ன, சொல்லு?"

"ஹாஸ்டல்லதான் இருக்கேன். சாப்ட்டேன்."

நிக்கோல் வீல் என்று கத்தினாள்.

அவளுடைய பெரியப்பா ஜாய்சன், பியாட்ரிஸின் அப்பா, அந்த ராத்திரியே பியாட்ரிஸ் ஹாஸ்டலுக்கு ஓடினார். வார்டன் ரிஜிஸ்டரைக் காட்டினார். நான்கு நாளும் கையெழுத்து இருந்தது. கிளாஸிலும் நான்கு நாள் ப்ரெசென்ட். ஜாய்சன் அங்கிள் அந்த ரிஜிஸ்டரைத் தூக்கி எறிந்துவிட்டு, டார்ச்சோடு பின் கேட்டுக்குப் போனார். அதே காலுவே. அதே சிலாப் இல்லாத இடம். உள்ளே பியாட்ரிஸ். அவளும் உடனே சாகவில்லை. செவ்வாய் ராத்திரி வரைக்கும் இருந்திருக்கிறாள். நாங்கள் போனில் குட் நைட் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"மகா அக்கா, போதும். சும்மா பயமுறுத்தாதீங்க" என்கிறாய். நான் எங்கே லீனா பயமுறுத்துகிறேன், எனக்கே பயமாக இருக்கிறது.

கல்லறையில் வைத்து மூன்றாம் நாள், பத்தே முக்காலுக்கு நிக்கோல் போன் அடித்தது. திரையில் "பியா". அந்தப் போனைத் தண்ணீரிலிருந்து எடுத்து, போலீஸ் கவரில் போட்டு ஒட்டியதை அங்கிளே பார்த்திருந்தார். நிக்கோல் தொடவில்லை. நான்தான், பெரிய வீராங்கனை, எடுத்தேன்.

தண்ணீர் சத்தம்... ரொம்ப நேரம். பிறகு குரல். "ஹாஸ்டல்லதான் இருக்கேன். சாப்ட்டேன்."

அது பியாட்ரிஸ் குரல் இல்லை. என் குரல்.

நிக்கோல் அந்த வாரமே படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் எங்கே போவது? அப்பா லோன் போட்டுச் சேர்த்த சீட். போன மாதம் நான் காய்ச்சலில் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை, நீங்கள்தானே கஞ்சி கொண்டுவந்து கொடுத்தீர்கள்? என் அட்டெண்டன்ஸைப் போய்ப் பாருங்கள். ஒரு ஆப்சென்ட்கூட இல்லை. யாரிடம் சொல்வது? சொன்னால் சைக்கியாட்ரிக்கு அனுப்புவார்கள், அங்கேயும் ரிஜிஸ்டர் இருக்கிறது.

நம் மெஸ்ஸுக்குப் பின்னாலும் ஒரு காலுவே ஓடுகிறது. அதனால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என்னைக் காணோம் என்றால் ரிஜிஸ்டரைப் பார்க்காதீர்கள். போனில் நானே பேசினாலும் நம்பாதீர்கள். தேடுங்கள். செத்தபிறகு இல்லை, உடனே.

ஷ்... வார்டன் வந்துவிட்டார். செருப்புச் சத்தம் கேட்கிறதா? கோடி ரூமிலிருந்துதான் ஆரம்பிப்பார். அது என் ரூம். பூட்டிவிட்டுத்தான் வந்தேன், சாவி இதோ என் கையில் இருக்கிறது. கதவைத் தட்டுகிறார்.

"மகா?"

அசையாதீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை, நீங்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்...

"எஸ் மேம்."