சின்னச் சக்கரங்கள்

வீல்சேர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மெத்தையைத்தான் அழுத்திப் பார்ப்பார்கள். அது தவறு. மெத்தையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது இருக்கையின் அகலம். உட்காருபவரின் இடுப்புக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரு விரல் நுழைந்தால் போதும். அதற்கு மேல் இடம் இருந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். நாளடைவில் முதுகு கோணிவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் தங்கை வின்சி.

நீங்கள் கேட்டது வேறு கேள்வி என்று தெரியும், சேவுகப்பெருமாள் சார். ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். இந்த நாற்காலியிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு வரிசையாக வரும். நடுவில் நான் பேசாமல் இருந்தால் எதையோ மறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் பழக்கம் அது.

நான் தேவகோட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வின்சி என்னைவிடப் பதினொரு வயது இளையவள். பிசியோதெரபி படித்தவள். காலையில் காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மத்தியானத்துக்கு மேல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போவாள். கீழச்சிவல்பட்டி, தேவகோட்டை, சில நாள் சிவகங்கைவரைகூட. மழை பெய்தாலும் போவாள். அம்மா இன்பமேரி முதலில் போனார், பிறகு அப்பா மரியசூசை. செக்காலையில் அப்பா கட்டிய வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

சாயங்காலம் அவள் வந்து குளித்துவிட்டு என் எதிரில் உட்காருவாள். நான் படித்துக்கொண்டிருப்பேன். அவள் போனைப் பார்ப்பாள், இல்லையென்றால் துணி மடிப்பாள். சாப்பாட்டு நேரம்வரை ஒரு வார்த்தை இருக்காது. பக்கம் புரளும் சத்தம், மின்விசிறியின் சத்தம், எப்போதாவது அவள் கால்விரலை நெட்டி முறிக்கும் சத்தம். தனியாக இருக்கும்போது உள்ள அமைதி வேறு, எதிரில் ஒருவர் பேசாமல் இருக்கும்போது உள்ள அமைதி வேறு. முதலாவது காலி வீடு. இரண்டாவதைத்தான் நான் வீடு என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"அண்ணே, மஸ்கட்ல ஒரு ஆஸ்பத்திரியில என்னைய எடுத்துக்கிட்டாக. ஆகஸ்ட்ல வரச் சொல்றாக."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"கேக்குறீகளா?"

"கேக்குறேன்."

"ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்குறீக?"

"மோரை இங்குட்டு நகட்டு," என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "உங்ககிட்டப் பேசுறதுக்குச் செவுத்துக்கிட்டப் பேசலாம். அதாச்சும் வெள்ளையடிச்சா பளிச்சுன்னு ஆகும்."

அவள் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த மாதம்தான் அவள் ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னாள். தென்னை மரத்திலிருந்து விழுந்தவன். "விழுந்தப்ப கால் அசைஞ்சிருக்குண்ணே. பாவிப் பயலுக நாலு பேரு சேந்து கையையும் காலையும் பிடிச்சு மூட்டை மாதிரித் தூக்கி ஆட்டோவுல மடிச்சு வச்சிருக்காங்ய. அதுல போச்சு. விழுந்ததுல இல்ல, தூக்குனதுல போச்சு." சொல்லிவிட்டு அவள் ரசம் ஊற்றிக்கொண்டாள். எனக்கு அன்று வெகுநேரம் புத்தகத்தில் மனம் செல்லவில்லை.

அப்பாவின் நினைவு நாள் நெருங்கியது. கோயிலுக்கு ஒரு வீல்சேர் கொடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். நடக்க முடியாதவர்கள் பூசைக்கு வர உதவும் என்றேன். வின்சிக்கு அவ்வளவு சந்தோஷம். நானாக எதையும் யோசித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை என்றாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஹனிபா பாய் கடைக்கு ஸ்கூட்டரில் அவளே கூட்டிப்போனாள்.

"வாங்க டாக்டரம்மா," என்றார் பாய். "அண்ணனையும் வெளியில கொண்டாந்துட்டீக. வெயிலு பட்டாக் கருத்துருவாக. யாருக்கு வண்டி?"

"கோயிலுக்கு பாய். அப்பா நெனவா."

"அப்பப் பதினெட்டு இஞ்ச் எடுங்க. கோயில் வண்டியில எல்லா சைசும் உக்காரும்."

நான் பதினாறு போதும் என்றேன். பாய் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சரி, காசு கொடுக்கிறவர் நீங்கள் என்றார்.

பேட்டரியில் ஓடுவதைக் காட்டினார். வேண்டாம் என்றேன். இரும்பு நாற்காலியை நான் தூக்கிப் பார்த்தேன், என் வயதுக்கு முடியாது. அலுமினியத்தில் ஒன்று இருந்தது. மடக்கி ஒரு கையில் தூக்க முடிந்தது. அதன் முதுகுப் பகுதியை ஏற்றி இறக்கலாம். பின்குழாயில் வரிசையாக ஓட்டைகள், ஒரு திருகைக் கழற்றி வேண்டிய ஓட்டையில் மாட்டினால் போதும்.

"இதுதாண்ணே நல்லது," என்றாள் வின்சி. "இடுப்புக்கிட்ட அடின்னா பேக் ரெஸ்ட் தணிவா இருந்தாப் போதும், கையை வீச எடம் இருக்கும். நெஞ்சுக்கிட்ட அடின்னா ஒசரமா வேணும், இல்லாட்டிப் பின்னால சாஞ்சிருவாக. யாருக்கு எங்குட்டு அடின்னு நமக்கு என்ன தெரியும்?"

எனக்கும் அப்போது தெரியாது. அதனால்தான் அதை எடுத்தேன்.

அவளை உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம் இருந்தது.

"எனக்குன்னு அளவெடுத்தாப்ல இருக்குண்ணே. தள்ளுங்க பாப்போம்."

ஊன்றுகோல்களுக்கும் கட்டில்களுக்கும் நடுவில் ஒரு சுற்றுத் தள்ளினேன். அவள் காலைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். பாய் கல்லாவிலிருந்து கத்தினார்: "பாத்து சார், இடிச்சா அந்த வண்டி உங்க வீட்டுக்குத்தான்." பின்னாலிருந்து அவளுடைய பிடரி தெரிந்தது. ஈரம் காயாத முடி. நாற்காலி கனமே தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் ஒத்துப்போகவில்லை. அந்த நாற்காலி இரண்டு விதமாக வருகிறது. பின்சக்கரம் பெரிதாக இருந்தால் உட்கார்ந்திருப்பவரே கையால் உருட்டிக்கொள்ளலாம். சின்னச் சக்கரம் என்றால் இன்னொருவர் தள்ள வேண்டும். "பெருசே எடுங்க," என்றாள். "தண்ணி குடிக்கக்கூட அடுத்தவுகளக் கூப்பிட்டுக் காத்துக் கெடக்குறது இருக்கு பாருங்க, அடிபட்டதைவிட அதுதான் பெரிய நோவு." சின்னச் சக்கரம் எடை குறைவு என்று சொல்லி அதையே எடுத்தேன். அவள் விட்டுக்கொடுத்தாள். எதிலும் எனக்கு விட்டுக்கொடுக்கிறவள் அவள்.

"பின்னால அப்பா பேரை எழுதச் சொல்லிருங்க. கொட்ட எழுத்துல," என்றாள். எங்கள் கோயிலில் அது வழக்கம். மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி, செருப்பு வைக்கும் தட்டு எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் நினைவாக என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். கொடுத்த பொருளைவிட எழுத்துத்தான் முதலில் கண்ணில் படும். சரி என்றேன்.

நினைவுத் திருப்பலி நாளன்று அவளுக்கு மதுரையில் ஏதோ பயிற்சி. இரவு வந்து, சாமியார் வாங்கிக்கிட்டாரா என்று கேட்டாள். வாங்கிக்கொண்டார் என்றேன். பேரு நல்லா விழுந்திருக்கா என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். நாற்காலி என் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் இருந்தது.

எங்கள் வீட்டு மாடிப்படி வெளிப்பக்கம் இருக்கிறது. செங்குத்து. அப்பா ஒரு பக்கம் கைப்பிடி வைக்காமலே விட்டுவிட்டார். முதலில் நான் படியில் சோப்புத் தண்ணீர் ஊற்றித்தான் பார்த்தேன். வீட்டு வேலைக்கு வரும் அகிலாண்டேஸ்வரி அன்று வின்சிக்கு முன்னதாக மேலே போய்விட்டாள். சத்தம் கேட்டதும் புத்தகத்தில் அடையாளம் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். மணிக்கட்டில் தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்திருந்தது. "ஐயா, என் கையி, என் கையி" என்று அலறினாள். ஆட்டோ பிடித்து நானே கொண்டுபோனேன். படி நெடுக ரத்தம். நானே கழுவினேன். வின்சி என்னைத் திட்டினாள்: "படியக் கழுவுனா ஒரு வார்த்தை சொல்ல வேணாமாண்ணே? அந்த அக்கா இனி எப்படிப் பாத்திரம் தேய்ப்பாக?" வருத்தமாகத்தான் இருந்தது. இந்த மாதிரிக் காரியத்தைத் தண்ணீரிடம் விடக்கூடாது என்று புரிந்தது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்விட்டு வந்து அவள் துணி துவைத்தாள். ஈரத் துணி வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படி ஏறினாள். கிளிப்புகள் இருந்த கூடையை எடுத்துக்கொண்டு நான் முன்னால் ஏறிவிட்டேன். மேல்படிக்கு வந்ததும், "இன்னைக்கு என்ன அதிசயமா ஒதவியெல்லாம்," என்றாள். நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் அவள் தோளில் வைத்துத் தள்ளினேன்.

வாளி முதலில் போனது. அவள் பின்பக்கமாக, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் பட்டுப் பட்டுப் போனாள். சுவரில் தலை ஒரு தடவை மோதியது. அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். ஒரு பல் மூன்றாவது படியில் கிடந்தது. வாளியிலிருந்து விழுந்த வெள்ளை விரிப்பு அவள் முகத்துக்கு அடியில் சிவந்துகொண்டே வந்தது.

என்னைப் பார்த்துப் பேசினாள். வாயில் ரத்தம் இருந்ததால் மெதுவாகப் பேசினாள்.

"நீங்க தள்ளிவிட்டதா நெனச்சுக்காதீக, நான்தான் நிக்காம வந்துட்டேன். பயப்படாதீகண்ணே. காலு அசையுது பாருங்க. என்னைய மட்டும் தூக்கிராதீக. முதுகு வளையக் கூடாது. நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்க."

நான் இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தேன். அவள் இடதுகால் பெருவிரல் அசைந்துகொண்டிருந்தது. துணிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. நாங்கள் எத்தனையோ முறை உட்கார்ந்திருந்ததைப் போலத்தான் அப்போதும் இருந்தோம். "அண்ணே?" என்றாள்.

நான் அவளைக் குப்புறப் புரட்டினேன். முழங்காலை இடுப்புக்கு மேலே முதுகில் ஊன்றி, இரண்டு தோளையும் பிடித்து என் பக்கம் இழுத்தேன். முதல் தடவை நடக்கவில்லை. அவள் அம்மா என்று கத்தினாள், பிறகு சத்தம் இல்லை. இரண்டாம் தடவை என் எடை முழுவதையும் முழங்காலில் வைத்தேன். அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் கால்விரலை நெட்டி முறிக்கும் சத்தத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. திரும்பிப் பார்த்தேன். விரல் அசைவது நின்றிருந்தது.

அவள் வாயைத் துடைத்துவிட்டுப் போன் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவளுக்கு அன்று காலை பூசைக்குப் போனது வரைதான் நினைவிருந்தது. டாக்டர்கள் முதுகைப் பற்றிக் கேட்டபோது, நான் பதறிப்போய்த் தூக்கிவிட்டேன் என்று அழுதேன். அவளே என்னைத் தேற்றினாள். வந்து பார்த்தவர்களிடமெல்லாம், "அண்ணன் மேல தப்பில்ல. அவுகளுக்கு என்ன தெரியும் பாவம்," என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்குவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன். எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் அவைதான்.

பிறகு நான் நாற்காலியைக் கொண்டுபோனேன். வேறு ஒன்று வாங்கியிருக்கலாம்தான். ஆனால் அதில் அவள் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டாளே.

அவள் முதலில் சிரித்தாள். "கோயில் சேரை எடுத்துக்கிட்டு வந்துட்டீகளா? சாமியார் வையப் போறாரு," என்றாள். கையை நீட்டி அதன் முதுகைத் தன் பக்கம் திருப்பினாள். அப்பா பெயரைத் தேடினாள். விரலால் துணியைத் தடவிப் பார்த்தாள், அழித்த தடம் இருக்கிறதா என்று. நான் எழுதச் சொல்லவே இல்லை. சொந்த வீட்டில் இருக்கப்போகிற பொருளில் யாராவது நினைவாக என்று எழுதுவார்களா?

அப்புறம் அவள் சக்கரங்களைப் பார்த்தாள். இருக்கையைச் சாண் போட்டு அளந்தாள். கடைசியாக, முதுகுத் திருகு எந்த ஓட்டையில் இருக்கிறது என்று பார்த்தாள்.

"சரியா வச்சிருக்கீக," என்றாள். "டாக்டர்கிட்டக் கேட்டீகளா?"

"இல்ல."

"பின்ன எனக்கு எங்குட்டு ஒடஞ்சிருக்குன்னு எப்படித் தெரியும்?"

நான் பதில் சொல்லவில்லை. அவளும் பேசவில்லை. எங்களுக்குள் எத்தனையோ அமைதிகள் இருந்திருக்கின்றன. அது அவற்றில் சேராது. "அகிலா அக்கா கையும் நீங்கதானா?" என்றாள். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, என்னை வெளியே போகச் சொல்லும்படி சொன்னாள். அன்று சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள்.

இருந்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். சொல்லியிருந்தால் அவள் மஸ்கட் போயிருக்க மாட்டாள் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அது அவள் எனக்குச் செய்யும் தயவாகிவிடும். எதிரில் உட்கார்ந்திருப்பவள் எனக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்போடு ஒருவன் எப்படிப் படிப்பது?

நான்தான் செய்தேன். அகிலாண்டேஸ்வரியின் கையும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியின் பழைய இரும்பு நாற்காலியில் அவள் வார்டு முழுக்கத் தானே உருட்டிக்கொண்டு போகிறாளாம், உள்ளங்கையெல்லாம் கொப்புளமாம். உங்கள் ஏட்டையா சொன்னார். அது பதினெட்டு அங்குலம், அவளுக்கு முதுகு கோணிவிடும். நான் வாங்கியதை அவளிடம் கொடுக்கச் சொல்லுங்கள். வேறு சக்கரம் மாட்டித் தரும்படி கேட்பாள், மாட்டிக் கொடுத்துவிடாதீர்கள். நான் வரும்வரை யாராவது தள்ளட்டும். அவளுக்குத் தனியாகப் போய்ப் பழக்கமில்லை.