பொழுதுபட ஏறும் காய்ச்சல்

"ஹலோ... ஓம் தேனுகா, அம்மாதான்... உன்ர ஆராய்ச்சிக்குப் பிடிச்ச எலியோ? இருக்குது, இருக்குது... ஓம், ஓம், சூடு பாத்தனான். கொரோனா நேரம் நெத்திக்குப் பிடிச்ச அந்தச் சாமானாலைதான்..."

நாகேஸ்வரி எலிக்கூட்டைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தாள். துணுக்காய் வயலுக்கு அப்பால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது சொல்லாவிட்டால், நாளைக்கு வவுனியாவிலிருந்து மகளோடு வரப்போகும் பேராசிரியரின் முன்னால் குட்டு உடைந்துவிடும்.

"பிள்ளை, கத்தக்கூடாது... மற்றதுகளைக் கம்பசுக்குக் கொண்டுபோட்டு, இதை என்னை நம்பித்தானே விட்டனி?... அதுக்குக் காய்ச்சல் மோனை. பகல்லை குளிர்ந்து சுருண்டு கிடக்கும், பொழுதுபட்டா உடம்பு கொதிக்கும். நாள் தவறாமல்!... மருந்தோ? மல்லி அவிச்சுப் பருக்கினனான்... ஏனடி சிரிக்கிறாய்? மிச்சத்தைக் கேள். கையிலை செத்துப்போகுமெண்டு பயந்து... வேலிக்கரையிலை விட்டிட்டன்... ஹலோ?... ஹலோ?... அழாதையடி! கூடு வெறுமையில்லை. நெல்லுச் சாக்குக்குள்ளை ஒண்டைப் பிடிச்சு, உன்ரை மாதிரியே முதுகிலை நீலப்பொட்டும் வைச்சிட்டன்... உடுப்புக்குப் போடுற நீலந்தான்... ஏமாத்தவோ? நீ தலைகுனியக்கூடாதெண்டுதானே!... அப்பாவுக்கு வேறை ஒரே சிரிப்பு."

அவள் மூச்செடுத்தாள்.

"ஆனா ஒரு அதிசயம் கேள். இந்தப் புது எலிக்கும் அதே காய்ச்சல்! இதுக்கும் பொழுதுபடத்தான் ஏறுது... என்ன? காய்ச்சல் இல்லையோ?... ம்... ம்... பகல்லை நித்திரை... ஓம், தீனும் தொடாது... இரவிலை ஓடித்திரிஞ்சு தின்ன உடம்பு சூடாகுமோ? எல்லா எலிக்குமோ? அட, அவை இராவேலைக்காரரோ! வேலைக்கு வெளிக்கிட்டவருக்கெல்லோ நான் மல்லித்தண்ணி பருக்கினனான்!"

தன் சிரிப்பிலேயே அவளுக்குப் புரைக்கேறியது.

"பேராசிரியர் சேருக்கு உள்ளதைச் சொல்லப்போறியோ?... சொல்லு, அதுதான் சரி. என்ர பேரை மட்டும் விட்டிடு... சரி சரி, அதையும் சொல்லு... பழையதைப் பிடிக்கிறதோ? எங்கையெண்டு தேட?... இப்பதான் உடம்பு சூடேறி இரை தேடுமோ? ஓம், கச்சான்கடலை கிடக்குது, வேலிக்கரையிலை வைக்கிறன்... பொறு. குசினிக்குள்ளை சட்டியேதோ உருளுது..."

அவள் மெல்ல எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, நாளைக்குச் சேருக்கு அவிக்கவெண்டு அரிச்சு வைச்ச இடியப்ப மா! உள்ளுக்கை நிக்குது... ஓம், நீலப்பொட்டு, உன்ரைதான்! புதுசு கூட்டுக்கைதானே கிடக்குது! உடம்பெல்லாம் மா... சூடோ? முதல்லை பிடிக்க விடடி! இஞ்சேருங்கோப்பா, சுளகைக் கொண்டு ஓடியாங்கோ! தேனுகா, போனை வை! வை!"