மூடாத குழி

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இருந்தவர், மணல் நிரப்பிய தூக்குவாளி ஒன்றை மூடி அழுத்தி மடியில் அணைத்திருந்தார். அருகிலிருந்த இளைஞரிடம் அவர் சொன்னது என்னைத் திடுக்கிடச் செய்தது.

"வயிறு உப்பிப்போச்சு மச்சான். அடிபம்புகிட்ட பொதைச்சிட்டேன். மனசு கேக்கல, காலையில தோண்டி எடுத்துட்டேன்."

"பழைய செல்போன் பேட்டரிக்கா மாமா, மண்ணுல வச்சி இவ்ளோ பாடு?"

"வெஷம் தண்ணியில எறங்குமாம், பாப்பா பாடத்துல இருக்காம். அவ குடிக்கிறதே அந்தத் தண்ணிதான்."

"டவுன்ல யாரும் வாங்கிக்கலியா?"

"கடைக்காரன் குப்பை வண்டியில போடுன்றான். வண்டிக்காரம்மா, தீப்புடிச்சிக்கும், கடையிலயே குடுன்னுது. கார்ப்பரேசன் ஆபீஸ்ல கேட்டா, பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டுந்தான் எடுப்பாங்களாம்."

"வெள்ளாத்துப் பாலம் வருது, வீசிடுங்க மாமா."

"வீசறேன். அந்தத் தண்ணிதான் உங்க வூட்டுக்கு வருது, குடி."

இளைஞர் சிரித்தார், அவர் சிரிக்கவில்லை. பேருந்து பாலத்தைக் கடந்தது. தூக்குவாளியின் மூடியை அவர் மறுபடியும் அழுத்தினார்.

"இப்ப என்னா மாமா பண்ணுவீங்க?"

"குழிய மூடல மச்சான். இப்புடித்தான் ஆவும்னு தெரிஞ்சி, அப்புடியே வுட்டுட்டுதான் வந்தேன்."