மாமனாருக்கு வந்த ஜப்பான் பார்சல்

என் பெயரையும் விலாசத்தையும் காவல் நிலைய எழுத்தர் முதல் தாளில் எழுதிக்கொண்டார். வயது நாற்பத்திரண்டு. கண்ணாடிக் கடையில், பிரேமுக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்தும் வேலை செய்கிறேன். கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார், வீட்டில் இருப்பதைவிடத் தண்ணீரில் இருப்பதுதான் அதிகம். நாலாவது மாடியில் நானும் என் மாமனாரும்தான் குடியிருந்தோம். போன சனிக்கிழமை அவர் இறந்துபோனார். அது சம்பந்தமாக என் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, எங்கள் தெருமுனையில் புதிதாக வந்திருக்கும் ஜப்பான் உணவகத்தின் மேல் புகார் கொடுத்திருக்கிறாள். நோயாளிக்கு என்று சொல்லியும் கவனமில்லாமல் அனுப்பிய சாப்பாட்டால்தான் அப்பா இறந்தார் என்று அதில் எழுதியிருக்கிறாள். என்னையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். நான் போடவில்லை. ஏன் என்று ஆய்வாளர் கேட்டதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

என் மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்ததில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறியது, தொண்டையும் சரியாக வேலை செய்யவில்லை. எதைக் கொடுத்தாலும் மிக்ஸியில் அடித்துக் கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும், தண்ணீரில்கூட மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும், தப்பினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் கொடுத்து வந்தேன். அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார் என்று சொன்னால் அது பொய். தினமும் சுளிப்பார். "என்னம்மா, இன்னிக்கு என்ன கலர் கிரீஸ்?" என்று கேட்பார். "பச்சை, மாமா" என்பேன். "நல்லாப் பாத்துக்கோ, அது லிஃப்டுக்குப் போடறதா இருக்கப் போகுது" என்பார். நான் சிரித்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

அப்படி இருக்கையில் தெருமுனையில் அந்த உணவகம் திறந்தார்கள். கதவிடுக்கில் நோட்டீஸ் செருகிவிட்டுப் போனார்கள். அதை மாமனார் கேட்டு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எடுத்து எடுத்துப் பார்ப்பார். அதில் ஒவ்வொரு பண்டமும் ஒன்றோடொன்று ஒட்டாமல், கட்டம் கட்டமாக இருந்த பெட்டிக்குள் வைத்திருந்தது. "ஸ்பேர் பார்ட்ஸ் மாதிரி அடுக்கி வச்சிருக்கான் பாரேன். எது எதுன்னு பாத்தாலே தெரியுது" என்றார். மனிதர் ருசிக்கு ஏங்கவில்லை, உருவத்துக்கு ஏங்குகிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு அந்த உணவகத்துக்கு போன் செய்து வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். பார்சல் வந்ததும் முதலில் பெட்டியைத் திறந்து அவருக்குக் காட்டினேன். அவர் நல்ல கையால் ஒவ்வொன்றாகச் சுட்டி, எது முதலில், எது பிறகு என்று உத்தரவு போட்டார். அதன் பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடித்து, பிரிட்ஜில் ஐஸ் வைக்கும் தட்டின் குழிகளில் கெட்டியாக விட்டு வைத்து, உருவம் கலையாமல் தட்டில் கவிழ்த்துக் கொடுத்தேன். முட்டை மஞ்சளாக ஒரு கட்டி, மீன் வெள்ளையாக ஒரு கட்டி, காய் பச்சையாக ஒரு கட்டி. "இதுதாம்மா சாப்பாடு" என்றார். அதிலிருந்து சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் ஜப்பான் சாப்பாடு என்று ஆகிவிட்டது.

போனை எடுப்பவரும் அங்கே சமைப்பவரும் ஒரே ஆள்தான். எதைக் கேட்டாலும் மெதுவாகப் பேசுவார். சாறு தனியாக வேண்டும், எள் தூவ வேண்டாம் என்று நான் நச்சரித்ததில் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "அக்கா, இனிமே அவருக்குன்னா நான் பாத்துக்கறேன்" என்றார். அதன் பிறகு பச்சை மீன், ஒட்டுகிற அரிசி எதையும் அவராகவே எடுத்துவிடுவார். முட்டையை அடித்து வடிகட்டி, சின்னக் கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்து அனுப்புவார், அதை மட்டும் நான் அரைக்கவே வேண்டியதில்லை, கரண்டி வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். என் போன் நம்பரைச் சமையலறைச் சுவரில் எழுதி, பக்கத்தில் பெரியவர் என்று குறித்து வைத்திருப்பதாகச் சொன்னார். அந்த நம்பரிலிருந்து கூப்பிட்டால் பெரியவருக்கு, வேறு நம்பர் என்றால் மற்றவர்களுக்கு. நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு அவ்வளவுதான். அவர் என் மாமனாரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

என் நாத்தனார் வெளியூரில் இருக்கிறாள். போன சனிக்கிழமை அப்பாவுக்குப் பிறந்தநாள் என்று வந்தாள். வெகு நாள் கழித்து வந்ததால், அவர் இளைத்திருப்பதைப் பார்த்து அவளுக்குத் தாங்கவில்லை. வந்ததும் வராததுமாக, "என்ன அண்ணி, அப்பாவ இப்படிக் குச்சியா வச்சிருக்கீங்க?" என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் தெரியும் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். மதியம் நான் திரும்பி வந்தபோது மேஜை மேல் ஜப்பான் பார்சல் இருந்தது. அவளே தன் போனிலிருந்து வரவழைத்திருந்தாள். "பெரியவருக்குன்னு சொன்னியா?" என்று கேட்டேன். "எதுக்குச் சொல்லணும்? எங்கப்பா நோயாளின்னு ஊரெல்லாம் தமுக்கடிக்கணுமா?" என்றாள். இந்த வார்த்தையை அவள் சொன்னாள். புகாரில் எழுதியிருப்பது உண்மையில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அதன் பிறகு நான் பெட்டியை மாமனாருக்குக் காட்டினேன், அவர் வழக்கம்போல் வரிசை சொன்னார். ஓரத்துக் கட்டத்தில் மோச்சி என்ற உருண்டை இருந்தது, அரிசி மாவை இடித்துச் செய்கிற இனிப்பு, மேலே வெள்ளை மாவு தூவியிருந்தது. அவர் அதையும் சுட்டினார். "அது எங்களுக்கு மாமா" என்று தனியாக எடுத்து மேஜையில் வைத்தேன். மற்றதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டேன். அந்த இரைச்சலில் கூடத்தில் பேசியது எதுவும் காதில் விழவில்லை.

மிக்ஸியை நிறுத்திவிட்டுத் தட்டோடு கூடத்து வாசற்படிக்கு வந்தபோது, நாத்தனார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் விரலில் வெள்ளை மாவு இருந்தது. "பஞ்சு மாதிரி இருக்கு அண்ணி, ஒண்ணும் ஆகாது. அப்பாதான் கேட்டாரு" என்றாள். மாமனார் மென்றுகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று ஆய்வாளர் கேட்டார். ஒன்றும் செய்யவில்லை. துப்பச் சொல்லிக் கத்தியிருக்க வேண்டும், ஓடிப்போய் வாயில் விரலை விட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு, தாடை மேலும் கீழும் போக, பல் உள்ள பக்கமாக ஒதுக்கி ஒதுக்கி மென்றார். ஒரு வருஷத்துக்கு மேல் அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. தட்டைப் பிடித்தபடி நின்று பார்த்தேன். சந்தோஷமாகப் பார்த்தேன் ஐயா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு அவர் கண்ணைத் திறந்தார், இருமல் வரவில்லை, சத்தமும் வரவில்லை, முகம் கறுத்தது. நான் தட்டைப் போட்டுவிட்டுப் போய் முன்னால் சாய்த்து முதுகில் தட்டினேன், விரலை விட்டு வழித்தேன், கொஞ்சம்தான் வந்தது. நாத்தனார் "அப்பா, துப்புப்பா" என்று அலறினாள். எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தார். நாற்காலியில் உட்காரவைத்து லிஃப்டில் இறக்கினோம். எப்போது அதில் ஏறினாலும் ரோப் சத்தம் போடுகிறது, எண்ணெய் விடச் சொல் என்று சொல்லாமல் இருக்கமாட்டார். அன்றைக்கும் சத்தம் போட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வரும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

எடுத்த அன்று அந்தச் சமையல்காரர் கீழே லிஃப்ட் பக்கத்தில் நின்றிருந்தார், மேலே வரவில்லை. நான் இறங்கிப் போனேன். "பெரியவர் எதச் சாப்பிட்டாரு?" என்று கேட்டார். சொன்னேன். "அவருக்குன்னு தெரிஞ்சிருந்தா அத உள்ளயே வச்சிருக்க மாட்டேனே அக்கா" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இப்போது அவர் கடைக்குச் சீல் வைத்திருக்கிறது.

என் கணவர் கப்பலிலிருந்து போனில் பேசினார். "ஹோட்டல்காரன் யாரோ எவனோ. தங்கச்சி நம்ம ரத்தம். கையெழுத்தப் போட்டுட்டுப் பேசாம இரு" என்றார். அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார். வீட்டுக்குப் போனால் எனக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரிந்துதான் இங்கே வந்திருக்கிறேன்.

ஊட்டியது என் நாத்தனார். பார்த்துக்கொண்டு நின்றது நான். சமையல்காரர் மேல் குற்றம் எதுவும் இல்லை, கடையைத் திறந்துவிட வேண்டும். என் நாத்தனாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அப்பா கேட்டார், மகள் கொடுத்தாள். இடித்துச் செய்த மாவு தொண்டையில் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது, கூடவே இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அதை நினைத்துத்தான் அவள் இப்படிப் பழியை வேறு பக்கம் தள்ளுகிறாள் என்று நினைக்கிறேன். நான் இதைச் சொன்னேன் என்று தெரிந்தால் இனி என்னை அண்ணி என்று கூப்பிடமாட்டாள்.

எழுத்தர் எல்லாவற்றையும் எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார். "வாயில் திணிக்கப்பட்ட உருண்டையை விழுங்கியதில்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, "ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய உருண்டையை மென்று சாப்பிட்டதில்" என்று எழுதச் சொன்னேன். சட்டப்படி இரண்டும் ஒன்றுதான் என்றார். இருக்கட்டும் ஐயா, அவர் மென்றார் என்றேன். திருத்திவிட்டார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியும் நடந்தபடியும் இருக்கிறது.

கையொப்பம்.